பைனஸுக்கும் பிடிமண் வேணும்

பைனஸ் மரத்தை மலையகத்தில் யாருக்கும் பிடிக்காது, ஹந்தானைக்குப் படம் எடுக்கப் போகிறவர்களைத் தவிர. "தண்ணிய உறிஞ்சிரும்" என்பார்கள் எங்கள் தோட்டத்தில். கலைப்பீடத்துக்காரியான என்னை அந்த மரத்தின் வேரைப் பற்றி வாசிக்க வைத்தது போர்ட்டோ ரிக்கோவின் கதை.

அந்தக் கரீபியன் தீவில் பைனஸ் இயற்கையாக இல்லை. 1930களிலிருந்து விதை கொண்டுவந்து முயன்றார்கள். முளைக்கும், கொஞ்சம் வளரும், பிறகு மஞ்சளடித்துச் செத்துவிடும். 1955இல் அமெரிக்காவின் வட கரோலினாவிலிருந்து பைனஸ் மரத்தடி மண்ணைக் கொண்டுவந்து கன்றுகளின் வேரடியில் போட்டார்கள். ஒரே வருஷத்தில் அந்தக் கன்றுகள் மளமளவென்று எழும்பின. மண் போடாதவை பெரும்பாலும் செத்தன.

மண்ணோடு வந்தது பங்கசு. பங்கசு என்றால் நமக்கு ஞாபகம் வருவது பழைய பாணில் பூக்கிற பூஞ்சணம்தான். இது வேறு ஆள். வேர்நுனியைச் சுற்றி உறை மாதிரிப் படர்ந்து, வேர்மயிரைவிட மெல்லிய இழைகளை மண்ணுக்குள் அனுப்பும். வேருக்கு எட்டாத பொஸ்பரசையும் நைதரசனையும் இழுத்துக்கொண்டு வந்து கொடுக்கும். மரம் பதிலுக்குச் சீனி கொடுக்கும். இந்தக் கூட்டுக்கு 1885இல் மைக்கோரைசா என்று பெயர் வைத்தவர் ஃபிராங்க் என்ற ஜெர்மன்காரர்.

அம்மாயியிடம் சொன்னேன். "பிடிமண்ணு இல்லாம கோயிலே எழும்பாது, மரம் எப்பிடி எழும்பும்?" என்றார். ஊர்க்கோயில் மண்ணை ஒரு பிடி முடிந்து கொண்டுவந்து இங்கே சாமி வைத்த கதையெல்லாம் அவருக்குத் தெரியும். நல்ல ஒப்புமைதான். ஆனா பங்கசுக்குப் பக்தி கிடையாது, கொடுக்கல் வாங்கல்தான். பொஸ்பேற்று உரத்தை அள்ளிப் போட்டால் மரமே அதைக் கழற்றி விடப் பார்க்கும்.

எங்கள் பீலிக்கு மேலே ஒரு மொட்டைச் சரிவு. இரண்டு வருஷமாக அங்கே மருதங்கன்று வைக்கிறோம், அரைவாசிகூட மிஞ்சவில்லை. வெயில், மாடு என்று காரணம் நிறைய. மேல்மண் கழுவிப்போன இடத்தில் பங்கசும் சேர்ந்து போயிருக்கலாம் என்பது இப்போதுதான் கணக்கில் வருகிறது.

இதைப் பக்கற்றில் தூளாகவும் விற்கிறார்கள். எல்லா மரத்துக்கும் ஒரே தூள் என்றால் வாங்காதீர்கள். பைனஸோடு சேர்கிற பங்கசு மருதுக்கு உதவாது. மருது, மா, வேம்பு, ஏன் தேயிலைக்கும்கூட, வேர்க் கலத்துக்குள்ளேயே புகுந்து வாழும் வேறு வகைதான் வேண்டும்.

இந்த முறை ஆற்றோரம் நல்லா நிற்கிற மருதுகளின் அடிமண்ணைக் கொஞ்சம் எடுத்து, பையில் இருக்கிற கன்றுகளுக்குக் கலந்திருக்கிறோம். மண்ணோடு நோயும் வரும் என்பதால் பட்டுப்போன மரத்தடிப் பக்கமே போகவில்லை. பாதிக் கன்றுக்குத்தான் போட்டோம், மற்றப் பாதி சும்மா. ஐப்பசி மழைக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நடுவோம்.