கேள்வியைச் சுருக்கு, தம்பி

"தர்மபுரி மாவட்டத்துல ஃப்ளோரோசிஸ்... இதான் சார் என் தலைப்பு" என்றான் எம்.பி.பி.எஸ். மாணவன் ஒருவன். ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) எஸ்.டி.எஸ். என்ற குறுகிய கால மாணவர் ஆய்வுத் திட்டத்தில் ஆய்வுக்குக் கிடைப்பது இரண்டே மாதம். மாவட்டம் முழுக்க எங்கே சுற்றுவது?

"பென்னாகரம் பக்கம் ஒரே பள்ளிக்கூடம் போதும்ப்பா. பெற்றோர் சம்மதம் வாங்கு. பிள்ளைங்க பல்லுல சுண்ணாம்பு வெள்ளையா, பழுப்பான்னு பார்த்து, டீன் குறியீட்டுப்படி தரம் பிரி. வீட்டுல குடிக்கிறது போர்வெல் தண்ணியா, ஒகேனக்கல் குழாய்த் தண்ணியான்னு கேளு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல ஃப்ளோரைடு இருக்கான்னு சோதி" என்றேன். முகம் தெளிந்தது.

புத்திசாலிப் பிள்ளைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. எத்திக்ஸ் கமிட்டிக்கு எழுதவும், மாதிரி அளவைக் கணக்கிடவும் கூட உட்கார ஆள்தான் இல்லை. கையெழுத்து மட்டும் போடுபவர் வழிகாட்டி ஆகமாட்டார்.

மருத்துவ நண்பர்களே, இவர்களுக்கு வழிகாட்ட வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமா? கமென்ட்டில் சொல்லுங்கள்.