பழநிக்கு எந்த வழி?

தைப்பூசத்துக்கு ஒத்தக்கடையிலிருந்து பழநிக்குப் பாதயாத்திரை கிளம்ப உத்தேசமா, சகோதரிகளே? முதலில் யானைமலை அடிவாரக் குடைவரையில் வீற்றிருக்கும் நரசிங்கப் பெருமாளைச் சேவியுங்கள். 770-ஆம் ஆண்டுக் கல்வெட்டு உள்ள சந்நிதி அது. பிறகு வழியைத் தீர்மானிக்கலாம்.

திண்டுக்கல்லுக்கு வாடிப்பட்டி வழி கிட்டம். நத்தம் வழி சில மைல் சுற்று. ஆனாலும் நத்தத்தையே பிடியுங்கள். குன்றக்குடியிலிருந்து காவடியோடு வரும் நகரத்தார் கூட்டம் நத்தம், திண்டுக்கல் வழியாகத்தான் பழநிக்குப் போகிறது. வழித்துணை உண்டு, அன்னதானம் உண்டு, இரவில் தங்கக் கூட்டத்தோடு இடமும் உண்டு. கூட்டம் நத்தம் வரும் நாளை மட்டும் முன்னதாக விசாரித்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் 1965-ல் திறந்த பென்னைன் பாதை சுமார் 430 கிலோமீட்டர். அங்கே தேசப்படத்தைப் பார்த்து நடக்கிறார்கள். நமக்கோ முன்னே ஆடிப்போகும் காவடியே வழிகாட்டி! ஆகவே தூரத்தைக் கணக்கிடாதீர்கள், துணையைக் கணக்கிடுங்கள்.