பக்கத்தில் இருப்பது யார் என்று கேட்காமல்



கொஞ்சம் நீளமான பதிவு. பாடசாலை, பள்ளிவாசல், கடை என்று எங்கேயாவது நெட்வேர்க் சுவிட்ச் ஒன்றுக்குப் பொறுப்பாக இருப்பவர்கள் முழுவதையும் வாசியுங்கள். மற்றவர்கள் கதையை மட்டும் வாசித்தாலும் போதும். தொழினுட்பத்தை விட என் பிழைதான் இதில் அதிகம்.

டிசம்பர் விடுமுறையில் எங்கள் பாடசாலைக்கு வெள்ளையடித்தார்கள். சுவரோடு போன கேபிள்களையெல்லாம் கழற்றி ஒரு மூலையில் போட்டிருந்தார்கள். நான் ஒரு பின்னேரம் போய் அலுவலகத்தில் உள்ள பெரிய சுவிட்சில் எல்லாவற்றையும் திரும்பக் கொழுவி, மாஸ்கிங் டேப்பில் 'லேப்', 'நூலகம்' என்று என் கையால் எழுதி ஒட்டினேன். அஸர் பாங்கு சொல்ல முன்னர் வேலை முடிந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பாடசாலை தொடங்கி இரண்டாம் கிழமை, ஒரு காலையில் முழு நெட்வேர்க்கும் நின்றது. அலுவலகத்தில் இன்டர்நெட் இல்லை. லேபில் ஒரு கொம்பியூட்டர் இன்னொன்றைக் காணவில்லை. சுவிட்சில் எல்லா லைட்டும் பைத்தியம் பிடித்தது போல் மின்னுகிறது. அன்றைக்குத் தரம் 11 பிள்ளைகளுக்கு ஐ.சி.டி. செய்முறை வைத்திருந்தேன்.

முந்திய நாள் லேபை ஒழுங்கு செய்தவன் அதே வகுப்பு மாணவன் ஒருவன். அமைதியான பிள்ளை. லேப் சாவியை நம்பிக் கொடுக்கக்கூடியவன். விசாரிக்காமல், முழு வகுப்புக்கும் முன்னால் கேட்டேன்: "என்ன நோண்டின நீ?"

"நான் ஒண்டும் கழட்டல்ல சேர்."

"பொய் சொல்லாத. உனக்குச் சாவி தந்தது என்ட பிழை."

சாவியை வாங்கிக்கொண்டேன். அவன் வேறொன்றும் சொல்லவில்லை. அவனுடைய முகத்தை நான் சரியாகப் பார்க்கவும் இல்லை.

லுஹருக்குப் பிறகு தனியே உட்கார்ந்தேன். எல்லாக் கேபிளையும் கழற்றிவிட்டு, லெப்டொப்பை நேராகச் சுவிட்சில் கொழுவி உள்ளே போனேன். அங்கே எல்.எல்.டி.பி. என்று ஒரு பகுதி இருக்கிறது. அதை முன்னொரு காலம் ஒஃப் பண்ணியவனும் நான்தான். 'பாதுகாப்புக்குத் தேவையில்லாததை நிறுத்து' என்று எங்கோ வாசித்துவிட்டுச் செய்த வேலை.

எல்.எல்.டி.பி. என்பது வேறொன்றுமில்லை. நெட்வேர்க்கில் ஒரு கருவி தன் பக்கத்துக் கருவிக்குத் தன்னைச் சொல்லிக்கொள்ளும் முறை. மட்டக்களப்பு வாவியில் இருட்டில் தொழிலுக்குப் போகிறவர்கள் தோணிக்குத் தோணி குரல் கொடுப்பதைப் போல. 'நான் இன்னார், என்னுடைய இன்ன போர்ட்டில் நீ கொழுவியிருக்கிறாய்' என்று பெரும்பாலான சுவிட்சுகள் 30 செக்கனுக்கு ஒரு தடவை சொல்லும். பக்கத்துச் சுவிட்ச் அதை ஓர் அட்டவணையில் எழுதி வைக்கும். வழமையாக 120 செக்கன் வரைக்கும் குரல் வராவிட்டால் அந்தப் பெயரை அழித்துவிடும். அந்தச் செய்தி அடுத்த கருவியோடு நின்றுவிடும், அதைத் தாண்டிப் போகாது.

சிஸ்கோ நிறுவனம் 1994இல் தன் கருவிகளுக்கு மட்டும் சி.டி.பி. என்ற ஒன்றைச் செய்தது. எல்லா நிறுவனங்களின் கருவிகளும் ஒன்றோடொன்று பேசும் பொது முறையாக எல்.எல்.டி.பி. வந்தது 2005இல். ஐ.ஈ.ஈ.ஈ. 802.1ஏபி என்பது அதன் தர இலக்கம்.

நான் இரண்டு சுவிட்சிலும் அதை ஒன் பண்ணினேன். 'லேப்' என்று எழுதிய கேபிளை மட்டும் கொழுவினேன். அரை நிமிடத்துக்குள் அட்டவணையில் லேப் சுவிட்சின் பெயர் வந்தது, போர்ட் 1. சரி. அதைக் கழற்றிவிட்டு 'நூலகம்' என்று எழுதிய கேபிளைக் கொழுவினேன். திரும்பவும் லேப் சுவிட்சின் பெயர். போர்ட் 22.

கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்தக் கேபிளைக் கையால் பிடித்துக்கொண்டு சுவரோடு நடந்தேன். அது நூலகத்துக்குப் போகவே இல்லை. லேபுக்குப் பழைய காலத்தில் இழுத்து, புதியது போட்ட பிறகு கைவிட்ட கேபிள். அதன் மறு முனை லேபில் இவ்வளவு நாளும் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. நூலகம் திறக்காததால் யாருக்கும் தெரியவில்லை.

அந்த முனையைக் கொழுவியது அந்தப் பிள்ளைதான். ஏன் கொழுவினான்? முந்திய நாள் நான்தான் சொன்னேன், "தொங்குற வயரையெல்லாம் ஒழுங்காக் கொழுவி வை" என்று. அவன் சொன்னபடி செய்தான். அவன் சொன்னதும் உண்மை, ஒன்றையும் கழற்றவில்லை. ஒரே இரண்டு சுவிட்சுக்கு நடுவில் இரண்டு கேபிள் ஆனதும் செய்திகள் வட்டமாகச் சுற்றி நெட்வேர்க் மூச்சுத் திணறிவிட்டது. பெயரைப் பிழையாக எழுதியவன் நான். பிழையைக் காட்டக்கூடிய ஒன்றை நிறுத்தி வைத்தவனும் நான்.

இனி, பொறுப்பில் இருப்பவர்களுக்காக, நான் இப்போது வைத்திருக்கும் ஒழுங்கு.

முதலில் ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு பெயர் வையுங்கள். வைக்காவிட்டால் அட்டவணையில் மொடல் பெயரோ வெறும் இலக்கமோதான் வரும், எது எங்கே இருப்பது என்று விளங்காது.

சுவிட்சுக்கும் சுவிட்சுக்கும் நடுவிலான போர்ட்டுகளில் அனுப்புவது, பெறுவது இரண்டையும் ஒன் பண்ணுங்கள். வகுப்பறைச் சுவரில் யாரும் வந்து கொழுவக்கூடிய போர்ட்டிலும், இன்டர்நெட் கம்பனியின் ரவுட்டர் பக்கத்துப் போர்ட்டிலும் அனுப்புவதை நிறுத்துங்கள். வழியில் போகிறவனுக்கு வீட்டு விபரம் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஐ.பி. தொலைபேசி, கேபிளிலேயே மின்சாரம் எடுக்கும் வைஃபை கருவி உள்ள போர்ட் என்றால் பார்த்து நிறுத்துங்கள். எந்த வீலேன், எவ்வளவு மின்சாரம் என்பதை அவற்றில் சில இந்த வழியில்தான் பேசிக்கொள்கின்றன.

எதைச் சொல்வது என்பதையும் தெரியலாம். சுவிட்சின் பெயரும் போர்ட்டின் பெயரும் போதும். மொடல், மென்பொருள் பதிப்பு, நிர்வாக ஐ.பி. முகவரி ஆகியவற்றை நிறுத்தலாம். நான் முன்னர் பயந்ததிலும் நியாயம் உண்டு. 2020 பெப்ரவரியில் ஆர்மிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் சிஸ்கோ கருவிகளின் சி.டி.பி. மென்பொருளில் ஐந்து ஓட்டைகளை வெளியிட்டது. அதனால் சுவிட்சின் மென்பொருளைப் புதுப்பித்து வையுங்கள். சி.டி.பி. தேவையில்லாவிட்டால் அதை ஒஃப் பண்ணிவிடுங்கள்.

இன்னும் மூன்று விடயம். மலிவு விலைச் சாதாரண சுவிட்ச் தன் பெயரைச் சொல்லாது, அட்டவணை வெறுமையாக இருந்தால் அங்கே ஒன்றுமில்லை என்று நினைக்க வேண்டாம். எல்.எல்.டி.பி.யில் அடையாள அட்டை கேட்கும் வழக்கம் இல்லை, எந்தக் கருவியும் எந்தப் பெயரும் சொல்லலாம், ஆகவே கேபிளைக் கையால் பிடித்துப் பார்த்து உறுதி செய்யுங்கள். மூன்றாவது முக்கியமானது: எல்.எல்.டி.பி. பிழையைக் காட்டும், தடுக்காது. கேபிள் வட்டமாவதைத் தடுப்பது ஸ்பெனிங் ட்ரீ. ராடியா பெர்ல்மன் என்ற பெண்மணி 1985இல் உருவாக்கிய முறை. எங்கள் சுவிட்சில் அது ஒஃபில் இருந்தது. உங்களுடையதில் இன்றைக்கே பாருங்கள்.

அடுத்த நாள் முதல் பாடத்தில் அதே வகுப்புக்குப் போனேன். ஏசியது எல்லோருக்கும் முன்னால், மன்னிப்பைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பது நியாயமில்லை. அட்டவணையைப் பலகையில் வரைந்து, நடந்ததை ஒவ்வொரு படியாகச் சொன்னேன். "இது என்ட பிழை. இவனைப் பொய்யன் எண்டு நான் சொன்னதும் பிழை. மகன், என்னை மன்னிச்சிக்க" என்றேன். வகுப்பில் சத்தமே இல்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு, "பரவாயில்ல சேர்" என்றான்.

சாவியை நீட்டினேன். உடனே வாங்கவில்லை. "வாப்பாவுக்கும் நீங்க ஒருக்காச் சொல்லணும் சேர். யாரோ போய்ச் சொல்லிட்டாங்க" என்றான்.

மஃரிபுக்குப் பிறகு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவனுடைய வாப்பா பிளேன்டீ தந்து உபசரித்தார். நான் சொல்லி முடித்ததும் மகனைத் திரும்பிப் பார்த்தார். முந்திய இரவு அந்த வீட்டில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

இப்போது சாவி அவனிடம்தான். எல்லாக் கேபிளுக்கும் இரண்டு முனையிலும் அவனே பெயர் எழுதி ஒட்டியிருக்கிறான். எழுத முன்னர் அட்டவணையைப் பார்த்தான், பிறகு கேபிளோடு நடந்து பார்த்தான். நான் எழுதிய 'நூலகம்' என்ற டேப்பை மட்டும் உரிக்க வேண்டாம் என்று அவனிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.