யார் எழுப்பியது?

நடுநிசிக்கு மேல் அறையில் வெளிச்சம். திருடன் என்றுதான் முதலில் நினைத்தேன். பார்த்தால், உறங்கவைத்துவிட்டுப் படுத்த கம்ப்யூட்டர் தானாக விழித்துக்கொண்டு கொட்டக் கொட்ட என்னைப் பார்க்கிறது! மூன்று இரவுகள் இதே கூத்து. மின்சாரம் மிச்சமாகட்டும் என்று தூங்க வைத்ததற்கு நல்ல பலன்.

அடுத்த வீட்டுப் பையனுக்கு ஒரகடத்தில் ராத்திரி ஷிப்ட். அவனிடம் புலம்பினேன்.

"யார் எழுப்பினதுன்னு அதையே கேட்டுடலாம் சார்" என்றான்.

கேலி செய்கிறான் என்று நினைத்தேன். இல்லை, விண்டோஸில் அதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. தட்டினான். மௌஸ் என்று பதில் வந்தது.

ராத்திரியில் மௌஸை யார் தொட்டார்கள்? வண்டலூர்-வாலாஜாபாத் சாலையில் கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீட்டு ஜன்னல் கிடுகிடுக்கும், மேஜையும் நடுங்கும். மௌஸ் நூலளவு அசைந்தால் போதாதா?

என்னுடையது போன்ற பழைய கம்ப்யூட்டரின் உறக்கம் கோழித் தூக்கம்தான். பிராசஸருக்கு மின்சாரம் நின்றுவிடும். ஆனால் விட்ட இடம் மறந்துபோகாதிருக்க நினைவகத்துக்குக் கொஞ்சம் ஓடிக்கொண்டே இருக்கும். எழுப்பும் உரிமை பெற்ற சாதனங்களுக்கும் ஒரு சொட்டு. 1996-ல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து ஏசிபிஐ என்ற விதிமுறையை வெளியிட்டன. அதன் பிறகு இந்தக் காவல் பொறுப்பு ஆப்பரேடிங் சிஸ்டத்தின் கைக்கு வந்தது. எழுப்பத் திராணி உண்டா என்பது ஒரு கேள்வி. அனுமதி உண்டா என்பது வேறு. விண்டோஸானாலும் லினக்ஸானாலும் ஒவ்வொரு சாதனத்துக்கும் தனித்தனியாகக் கொடுக்கலாம், மறுக்கலாம். நெட்வொர்க் கார்டுதான் இதில் பலே ஆசாமி. தன் விலாசத்தை 16 முறை அடுத்தடுத்துச் சொல்லி அழைக்கும் செய்தி வந்தால் புரிந்துகொண்டு எழுப்பிவிடும்.

பையன் மௌஸுக்கு எதிரே இருந்த டிக்கை எடுத்தான். "கீபோர்டை விட்டுடறேன் சார். நீங்க எழுப்பணுமில்ல?"

பிறகு ஏனோ சும்மா உட்கார்ந்திருந்தான்.

"பகல்ல தூங்கறப்ப என் போன்லயும் இப்படித்தான் வெச்சிருக்கேன். சூப்பர்வைசர், பஸ் டிரைவர், ரெண்டு பேர் கூப்பிட்டா மட்டும் மணி அடிக்கும். போன மாசம் அக்காவுக்கு வலி எடுத்து நாலு தடவை கூப்பிட்டிருக்கா. சாயங்காலம் எழுந்துதான் பார்த்தேன்."

"குழந்தை?"

"நல்லா இருக்கு சார். அக்காதான் இன்னும் என்கூடப் பேசலை."

தெருமுனையில் கம்பெனி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. போனில் எதையோ அழுத்திக்கொண்டே செருப்பை மாட்டினான்.

"அக்கா நம்பரைச் சேர்த்துட்டியா தம்பி?" என்றேன்.

"அதைத்தான் பண்ணிட்டிருக்கேன் சார்" என்று சொல்லிக்கொண்டே ஓடினான்.