தூர் வாரும் தலைப்பில் எவ்வளவு?

2025 பிப்ரவரி 2, ஞாயிறு, ஆவடி

நேற்று டெல்லியில் மத்திய பட்ஜெட். காலையில் டீக்கடையில் பன்னிரண்டு லட்ச ரூபாய் வருமான வரிச் சலுகையைத் தவிர வேறு பேச்சில்லை. எங்கள் தெரு வடிகாலுக்கு மூடி வருமா என்று தீர்மானிக்கிற பட்ஜெட் மாநகராட்சிக் கணக்குப் பிரிவில் இப்போதுதான் தயாராகிறது. அதைக் கேட்பாரில்லை.

மாலையில் வார்டு கவுன்சிலர் வந்தார். என் உத்தியோக காலம் முழுக்க நகராட்சிக் கணக்குப் பிரிவில் போனது என்பதால் போன ஆண்டு பட்ஜெட் புத்தகத்தை என் கையில் கொடுத்து, "அம்மா, இதுல நம்ம வார்டு எங்க இருக்கு?" என்றார்.

"வார்டு இருக்காது தம்பி, கணக்குத் தலைப்புதான் இருக்கும்" என்றேன். நாம் கட்டும் சொத்து வரி வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் வடிகால் நிதி, கல்வி நிதி என்று பிரிந்து போவதையும், நூலக வரி தனியே கழிவதையும் எழுதிக் காட்டினேன். ஒரு நிதியிலிருந்து இன்னொன்றுக்கு இஷ்டப்படி எடுத்துவிட முடியாது. 48 வார்டும் கேட்பது இந்த மூன்றுக்குள்தான் அடங்க வேண்டும்.

பிப்ரவரி 9

இன்று செலவுப் பக்கம். சம்பளம், ஓய்வூதியம், துப்புரவு ஒப்பந்தம், மின்கட்டணம், குப்பை வண்டிகளுக்கு டீசல். இவற்றில் யாரும் பேனா வைக்க முடியாது. தெருவிளக்கும் மோட்டாரும் இழுக்கும் மின்சாரத்துக்கு 2022 செப்டம்பரில் கட்டணம் ஏறியது. 2024 ஜூலையில் மறுபடி 4.83 சதவீதம். உள்ளாட்சிப் பணிகளுக்கான ஒப்பந்தங்களில் ஜிஎஸ்டி 12 சதவீதமாக இருந்தது, 2022 ஜூலை 18 முதல் 18 ஆனது. வரிக்கு முன் ஒரு கோடி மதிப்புள்ள சாலைக்கு வரி மட்டும் ஆறு லட்சம் கூடுதல். சாலையின் நீளம் ஓர் அடி கூடவில்லை.

அப்படியானால் எதில் குறைப்பார்கள்? நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள்தான், அதனால் தெரியும். வடிகால் தூர் வாருதல், விளக்குப் பழுது, பள்ளிக் கட்டடப் பராமரிப்பு. இந்த மூன்றுக்கும் சங்கம் இல்லை, வழக்குப் போட ஒப்பந்ததாரர் இல்லை. குறைத்தால் மார்ச்சில் ஒருவருக்கும் வலிக்காது; டிசம்பரில்தான் வலிக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பட்டறைக்குள் தண்ணீர் புகுந்து இயந்திரங்கள் நனைந்தபோது, சின்ன முதலாளிகள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்ததை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மழைக்குத் தூர் வாரினால் மட்டும் போதாதுதான். ஆனால் வாராத வடிகால் சாதாரண மழைக்கே நிரம்பிவிடும்.

பிப்ரவரி 16

வரவுப் பக்கத்துக்கு வந்தோம். 2022இல் சொத்து வரியைச் சீரமைத்தபோது சென்னை நீங்கலான மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,800க்கு மேல் 100 சதவீதம் என்று உயர்த்தினார்கள். அதன்மேல் இப்போது ஆண்டுக்கு 6 சதவீதம். சின்ன வீட்டுக்காரரிடம் இன்னும் கேட்பதற்கு எனக்கு மனம் வரவில்லை.

ஆவடிக்கு வேறொரு சங்கடமும் உண்டு. கனரக வாகனத் தொழிற்சாலை, படை உடைத் தொழிற்சாலை, போர் வாகன ஆராய்ச்சி நிறுவனம், விமானப்படைத் தளம், மத்திய ரிசர்வ் போலீஸ் வளாகம் என ஊரின் பெரும்பரப்பு மதிலுக்குள் இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 285ஆம் பிரிவின்படி மத்திய அரசின் சொத்துக்கு உள்ளாட்சி வரி போட முடியாது. அதற்கு ஈடாகச் சேவைக் கட்டணம் உண்டு. பெறும் வசதியைப் பொறுத்துச் சொத்து வரியில் 75 சதவீதம், 50 சதவீதம் அல்லது மூன்றில் ஒரு பங்கு. 2009இல் ராஜ்கோட் மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போய் உறுதியான ஏற்பாடு இது. 2021 அக்டோபரில் இந்தத் தொழிற்சாலைகள் தனி நிறுவனங்களின் கீழ் போயின. கனரக வாகனத் தொழிற்சாலையை நடத்தும் நிறுவனத்தின் தலைமையகமே ஆவடியில்தான். அந்த நிறுவனங்களின் வரி நிலை என்ன, எவ்வளவு கேட்பு, எவ்வளவு வசூல் என்று மாமன்றத்தில் கேட்கச் சொன்னேன். கவுன்சிலர் குறித்துக்கொண்டார்.

மார்ச் 15

நேற்று மாநில பட்ஜெட் வந்தது. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் பத்து சதவீதம் உள்ளாட்சிகளுக்கு. ஆறாவது நிதி ஆணையப்படி அதில் நகரங்களுக்கு 49 சதவீதம், ஊரகத்துக்கு 51. அதைப் பங்கிடும்போது முக்கியமாகப் பார்ப்பது 2011 மக்கள்தொகையை. அன்று ஆவடி மூன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அதற்குப் பிறகு பட்டாபிராமிலும் திருமுல்லைவாயிலிலும் எழுந்த அடுக்குமாடிகளில் குடியேறியவர்கள் குப்பை போடுகிறார்கள், தண்ணீர் கேட்கிறார்கள், கணக்கில் மட்டும் இல்லை.

இதற்கிடையே பூந்தமல்லி, திருவேற்காடு, திருநின்றவூரை ஆவடியோடு சேர்க்கும் யோசனை வேறு. 2011இல் அம்பத்தூர் சென்னையோடு சேர்ந்தது, இன்று அதன் கணக்கு ரிப்பன் மாளிகைப் புத்தகத்தில் ஏழாவது மண்டலம். சேர்வதால் நிதி பெருகலாம். ஆனால் பூந்தமல்லிக்காரர் தன் வடிகாலைப் புத்தகத்தில் தேடிக் கண்டுபிடிப்பது இன்னும் கடினமாகும்.

மார்ச் 23

எங்கள் தெரு நலச்சங்கம் சார்பில் மாநகராட்சிக்கு மனு எழுதி முடித்தோம். கேட்டது இரண்டே: தூர் வாரும் தலைப்பில் போன ஆண்டுத் திருத்திய மதிப்பீட்டுக்குக் கீழே போகக் கூடாது, ஏப்ரலிலேயே டெண்டர் விட வேண்டும். செப்டம்பரில் விட்டால் வாரி எடுத்த மண் கரையிலேயே கிடந்து முதல் மழையில் திரும்பவும் உள்ளே போகும்.

இதைப் படிக்கிறவர் ஆவடியோ பூந்தமல்லியோ, உங்கள் கவுன்சிலரிடம் இந்த வாரமே ஒன்று கேளுங்கள்: தூர் வாருவதற்குப் போன ஆண்டு ஒதுக்கியது எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு?