மறந்துபோன பெட்டியும் மூன்று எண்களும்

சென்ற ஆயுத பூஜைக்காகப் பரணை ஒழித்தபோது, காலஞ்சென்ற என் தந்தையாரின் பழைய கணினி கைக்கு அகப்பட்டது. 1991-இல் செய்யப்பட்ட 386 ரகம். 1998-இல் பழைய சாமானாக வாங்கி, இங்கே கரக்பூர் ரயில்வே குடியிருப்பில் வைத்துக்கொண்டு, 2007-இல் மறையும் வரை அதில்தான் ஊருக்குக் கடிதங்கள் எழுதி வந்தார். "எடைக்குப் போட்டுவிடப்பா, இடத்தை அடைக்கிறது" என்றார் அம்மா. எனக்கு மனம் வரவில்லை.

மின்சாரம் கொடுத்தேன். திரையில் எழுத்துகள் தோன்றின. ஆனால் தனக்குள் ஒரு ஹார்ட் டிஸ்க் இருப்பதையே பெட்டி மறந்திருந்தது. மூடியைத் திறந்தேன். பலகையின் ஓரத்தில் உருளை வடிவமான பாட்டரி. அதைச் சுற்றிலும் பச்சைக் களிம்பு.

இக்காலக் கணினிகளில் காசு போன்ற பாட்டரி ஒரு கூட்டில் செருகியிருக்கும், விரலாலேயே மாற்றிவிடலாம். அக்காலப் பலகைகள் பலவற்றில் நிக்கல்-காட்மியம் மின்கலங்கள் மூன்றை ஒன்றாக்கி, 3.6 வோல்ட்டுக்கு, பலகையோடு பற்றவைத்துவிட்டார்கள். மின்சாரம் இல்லாத வேளையிலும் கடிகாரத்தை ஓட்டுவதும், டிஸ்கின் அளவுகளை நினைவில் வைப்பதும் அதன் வேலை. நாட்பட்டால் உள்ளிருக்கும் காரநீர் கசிந்து, செப்புத் தடங்களை அரித்துத் தின்றுவிடும்.

நானோ பத்தாவது மட்டும் படித்த குமாஸ்தா. ஒரு தடம் பிய்ந்தாலும் அப்பாவின் எழுத்துக்கு வழி அடைபட்டுவிடுமே என்று கை நடுங்கியது. ஆகையால் கொல்கத்தா சாந்தினி சௌக்கில் ஓர் உடைந்த பலகையும் வாங்கி வந்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அதில் பழகினேன். பழைய பற்றின்மேல் சிறிது புதிய ஈயம் வைத்தால் எளிதில் உருகும். அவசரப்பட்டு இழுத்தால் தடமும் கூடவே வரும். கற்ற பாடம் இவ்வளவுதான்.

மூன்றாம் ஞாயிறு அப்பாவின் பலகையில் கை வைத்தேன். பாட்டரி கழன்றது. வினிகரைப் பஞ்சில் தொட்டுக் காரத்தை முறித்து, பிறகு சாராய வகைத் திரவத்தால் துடைத்து உலர்த்தினேன். அரிபட்ட தடம் ஒன்றை மெல்லிய கம்பியால் இணைத்தேன். புதிதாக 2032 என்னும் காசு பாட்டரியை, பலகையை விட்டு எட்ட ஒரு கூட்டில் அமைத்தேன். பழைய பாட்டரிக்குப் பலகையே மின்னேற்றம் செய்து வந்தது. காசு பாட்டரிக்கு அது ஆகாது, வீங்கி வெடிக்கக்கூடும். அதனால் மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடு ஒன்றை நடுவே சேர்த்தேன்.

இனி டிஸ்கின் அளவுகளைப் பெட்டிக்குச் சொல்ல வேண்டும். எங்கே தேடுவது? மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருந்த சிறு காகிதத்தில், அப்பாவின் கையெழுத்தில் மூன்று எண்கள்: 977, 5, 17. தட்டச்சு செய்தேன். டிஸ்க் முனகிக்கொண்டு சுழன்றது.

கடிதங்கள் இருந்தன. ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். 2006-இல் கும்பகோணத்துப் பெரியப்பாவுக்கு எழுதியதை அம்மாவுக்கு வாசித்தேன். "பையன் பத்தாவதோடு நின்றுவிட்டான் என்று யாரும் அவனைக் குறை சொல்லாதீர்கள். என் வைத்தியத்துக்காக ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைகிறவன் அவன்தான். கடன்பட்டவன் நான்" என்றிருந்தது. என் படிப்பைப்பற்றி அப்பாவுக்கு மனத்தாங்கல் என்றே இத்தனை ஆண்டுகளும் எண்ணியிருந்தேன். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை படி" என்றார்.

அன்றிரவே எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு பெட்டியை அணைத்தேன். மறுநாள் காலை மீண்டும் இயக்கினேன். மூன்று எண்களையும் அது மறக்கவில்லை.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பரணிலும் இத்தகைய பெட்டி இருக்குமாயின், எடைக்குப் போடுமுன் மூடியைத் திறந்து பாருங்கள். பாட்டரியை முதலில் அகற்றிவிடுங்கள். மற்றதைப் பிறகு சாவகாசமாகச் செய்யலாம். கசிவு யாருக்காகவும் காத்திருப்பதில்லை.