பாதிக் கூடு



ஊழியத்திற்கு வருமுன் நான் பள்ளி ஆசிரியனாக இருந்ததை உங்களில் சிலர் அறிவீர்கள். ஒரு மழைக்காலத் தொடக்கத்தில், ஆசிரியர்களாகிய எங்களைப் பயிற்சிக்கென்று ஓர் ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்றார்கள். ஆளுக்கொரு மரத்தடியில் அரைமணி நேரம் பேசாமல் அமர்ந்து, கண்டதை எழுத வேண்டும். எனக்கு வாய்த்தது தூக்கணாங்குருவிகள் கூடு கட்டியிருந்த ஒரு பனை. முழுக்கூடுகளுக்கு நடுவே பாதியில் நின்றவையும் தொங்கின. "காற்றில் கிழிந்தவை" என்று எழுதினேன்.

அவ்வழியே ஆடுகளை ஓட்டி வந்தவன் என் பழைய மாணவன். "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று நான் வகுப்பில் எல்லார் முன்பாகவும் சொன்னபின், பள்ளிக்கு வராமல் நின்றவன். என் ஏட்டை எட்டிப் பார்த்துத் தயங்கியபடி சொன்னான்: "காத்து கிழிக்கல சார். ஆண் குருவி பாதி பின்னும். பொட்டக் குருவி வந்து பார்க்கும். புடிக்கலன்னா அதை விட்டுட்டு வேற பின்னும்."

அந்தப் பாடத்தைப் பத்து ஆண்டுகள் நடத்தியவன் நான்.

1873ஆம் ஆண்டு ஜூலையில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரைக்கு அப்பாலுள்ள பெனிகீஸ் என்னும் சிறு தீவில், லூயி அகாசி என்ற இயற்கை அறிஞர் ஆசிரியர்களுக்கென்று ஒரு கோடைப் பள்ளியைத் தொடங்கினார். ஏறத்தாழ 50 ஆசிரியர்கள், ஆண்களும் பெண்களுமாக வந்தார்கள். முதல் நாளில் அனைவரையும் மௌனமாய் ஜெபிக்கச் சொன்னார். புத்தகத்தை நம்புமுன் கையிலிருக்கும் உயிரைப் பாருங்கள் என்பதே அவர் போதனை. அவ்வாண்டு டிசம்பரிலேயே அவர் மறைந்தார். ஆயினும் கடற்கரையில் ஆசிரியர் பயிலும் வழக்கம் மறையவில்லை.

ஆனால் பிரியமானவர்களே, மீனின் செதிலை அத்தனை பொறுமையாய் நோக்கிய அவரே, மனித இனங்கள் தனித்தனியே படைக்கப்பட்டவை என்றும் கறுப்பின மக்கள் தாழ்ந்தவர்கள் என்றும் எழுதினார். அவரைக் குற்றப்படுத்த எனக்குத் தகுதியில்லை. நானும் கூட்டைப் பார்க்கத் தெரிந்து, பிள்ளையைப் பார்க்கத் தெரியாமல் இருந்தவன்.

மறுவாரம் அவன் வீட்டிற்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவன் சிரித்தான், பள்ளிக்கு மட்டும் திரும்பவில்லை.

பறவைகளையும் காட்டுப் பூக்களையும் காட்டிப் போதித்த நம் ஆண்டவர், ஒரு சிறு பிள்ளையையும் சீஷர்கள் நடுவே நிறுத்தினார். இந்த வாரம் ஒரு மரத்தடியில் சற்று அமர்ந்து பாருங்கள். எழுந்து வீடு திரும்பியபின், நீங்கள் முன்பே தீர்ப்பு எழுதிவிட்ட ஒருவரை அதே பொறுமையோடு பாருங்கள்.

பார்க்கும் கண்களைக் கர்த்தர் நமக்கு அருளுவாராக. ஆமென்.